டியூஷன் சென்டர் பிரிண்டருக்காக ரவுட்டருக்குள் ஒரு டெபியன்

அக்கா கும்பகோணத்தில் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறாள். முப்பது பிள்ளைகள், வாரா வாரம் டெஸ்ட், அதனால் வாரா வாரம் கேள்வித்தாள். எல்லாவற்றையும் போனிலேயே தட்டிவிடுவாள். பிரிண்டர் எச்பி லேசர்ஜெட் 1020. பல வருடங்களாக உழைக்கிறது, இன்னும் எழுத்து கருகருவென்று விழுகிறது. ஆனால் அதற்கு யூஎஸ்பி மட்டும்தான், நெட்வொர்க் கிடையாது. ஆகவே அதைப் பகிர்ந்து கொடுப்பதற்காகவே ஒரு பழைய டெஸ்க்டாப் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. தீபாவளிக்கு முந்தின வாரம் அதன் எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே மின்சாரம் கொடுக்கிற பெட்டி, போய்விட்டது.

புது எஸ்எம்பிஎஸ் வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் போன தடவை ஊருக்குப் போனபோதே பிளக் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன். ஒரு வேலையும் இல்லாமல் சும்மா நிற்கும்போதே 55 வாட் இழுத்தது. பக்கத்தில் அதே இன்வெர்ட்டரில் ஒரு ரவுட்டர் எப்படியும் நாள் முழுக்க ஓடுகிறது, அதற்கு யூஎஸ்பி போர்ட் இருக்கிறது, அதிலும் லினக்ஸ்தான். அந்த வேலையை இதற்கே கொடுத்துவிடலாம் என்று ஆரம்பித்தேன். வேலை முடிய மூன்று வாரம் ஆனது. இதே மாதிரி முயற்சி செய்கிறவர்களுக்கு எங்கே நேரம் போகும் என்று தெரிந்தால் நல்லது என்பதால் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.

ரவுட்டரில் இருப்பது மீடியாடெக் எம்டி7621 சிப். 880 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மிப்ஸ் கோர், 256 எம்பி ரேம், 128 எம்பி ஃபிளாஷ், ஒரே ஒரு யூஎஸ்பி 3.0 போர்ட். அதில் ஏற்கெனவே ரவுட்டர்களுக்கான லினக்ஸான ஓபன்வர்ட் 24.10 போட்டிருந்தேன். ஓபன்வர்ட்டுக்கென்று தயாராக இருக்கிற பிரிண்ட் சர்வர் பி910என்டி. அது 9100-ஆம் போர்ட்டில் வருகிற பைட்டுகளை அப்படியே பிரிண்டரில் கொட்டும், அவ்வளவுதான். டிரைவர் உள்ள லேப்டாப்புக்கு அது போதும், போனுக்குப் போதாது. போன் பிடிஎஃப் அனுப்பும், 1020-க்கு பிடிஎஃபும் தெரியாது போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற அச்சு மொழியும் தெரியாது. பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றி, ஜேபிக் முறையில் சுருக்கி, இசட்ஜேஎஸ் என்ற அதன் சொந்த வடிவத்தில் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்ளும். அதற்கு அச்சு வேலைகளை நடத்தும் கப்ஸ் வேண்டும், பிடிஎஃபைப் புள்ளிகளாக்கும் கோஸ்ட்ஸ்கிரிப்ட் வேண்டும், இந்தப் பிரிண்டருக்கான டிரைவர் ஃபூ2இசட்ஜேஎஸ் வேண்டும். எல்லாம் டெஸ்க்டாப் உலகத்துச் சாமான்கள், ஓபன்வர்ட்டின் கிடங்கில் தேடினால் இப்படி ஒரு முழு செட் கிடைக்காது. டெஸ்க்டாப், சர்வர்களில் ஓடும் லினக்ஸான டெபியனில் மூன்றும் தயாராக இருக்கின்றன.

சரி, யூஎஸ்பி ஸ்டிக்கில் ஒரு டெபியனை வைத்து சிஎச்ரூட் (ஒரு கோப்புறையையே முழு அமைப்பாகக் காட்டும் கட்டளை) போட்டு உள்ளே போய்விடலாம் என்று திட்டம். வன்பொருளை இயக்கும் மையமான கெர்னல் ஒன்றுதான், அது ஓபன்வர்ட்டுடையதாக இருக்கட்டும், மேலே ஓடுகிற நிரல்கள் மட்டும் டெபியனிலிருந்து வரட்டும். இந்தச் சிப்புக்கு உரிய டெபியன் வகை மிப்செல். டெபியன் 12-தான் அதற்குக் கடைசி, 2025-ல் வந்த 13-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஆகவே 12.

லேப்டாப்பில் டெபியனை ஒரு கோப்புறைக்குள் அமைக்கும் டெப்பூட்ஸ்ட்ராப் ஓட்டி, வேறு சிப்பைப் போல நடிக்கும் கெமு எமுலேட்டரின் உதவியோடு கப்ஸ் வரைக்கும் எல்லாவற்றையும் அங்கேயே நிறுவி முடித்தேன். நிறுவும்போது ஒவ்வொரு பேக்கேஜும் தன் சர்வீஸைக் கிளப்பப் பார்க்கும். பாலிசி-ஆர்சி.டி என்ற கோப்பில் 101 என்று திருப்பி அனுப்பும்படி இரண்டு வரி எழுதி வைத்தால் பேசாமல் இருக்கும். ஸ்டிக்கை ஈஎக்ஸ்டி4 ஆக்கி, எல்லாவற்றையும் அதில் ஏற்றி, ரவுட்டரில் செருகி, சிஎச்ரூட் கட்டளை கொடுத்தேன்.

இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன். வேறு ஒரு வார்த்தை இல்லை.

பேஷ் ஓடவில்லை, எல்எஸ் ஓடவில்லை, எதுவுமே ஓடவில்லை. லேப்டாப்பில் எமுலேட்டருக்குள் அத்தனையும் ஓடியதே என்பதுதான் என்னை இரண்டு நாள் அலைக்கழித்தது. ஸ்டிக் கெட்டுவிட்டதோ என்று மாற்றினேன், காப்பி சரியில்லையோ என்று செக்சம் பார்த்தேன், எண்டியன், அதாவது பைட் வரிசை, தப்போ என்று ரீட்எல்ஃப் வைத்து ஒவ்வொரு பைனரியாகப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன. அப்புறம்தான் சிபியூ தகவல் கோப்பை நிதானமாகப் படித்தேன். மிப்ஸ் 1004கேசி என்று இருக்கிறது, எஃப்பியூ என்ற சொல்லே அதில் இல்லை.

எஃப்பியூ, அதாவது தசம எண்களைக் கணக்கிடும் வன்பொருள், இந்தச் சிப்பில் கிடையாது. ரவுட்டருக்கு அது எதற்கு, பாக்கெட்டைத் தள்ளுவதில் தசமம் எங்கே வருகிறது? ஓபன்வர்ட் தன் நிரல்கள் எல்லாவற்றையும் சாஃப்ட் ஃப்ளோட் முறையில், அதாவது தசமக் கணக்கை முழு எண் கட்டளைகளாலேயே செய்யும்படி தொகுக்கிறது. டெபியன் மிப்செல் அப்படி இல்லை. எஃப்பியூ இருக்கிறது என்று நம்பித் தொகுக்கப்பட்டது. அது இல்லாத சிப்பில், அந்தக் கட்டளை வரும்போது கெர்னல் குறுக்கே வந்து தானே கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். கெர்னலில் அதற்கு ஒரு எமுலேட்டர் உண்டு. ஆனால் தன் நிரல்கள் எதற்கும் அது தேவையில்லை என்பதால், இடத்தை மிச்சம் பிடிக்க ஓபன்வர்ட் அதை அணைத்து வைத்திருக்கிறது. லேப்டாப்பில் கெமு எஃப்பியூவையும் சேர்த்தே நடித்துக் காட்டியதால் அங்கே எதுவும் வெளிப்படவில்லை. எமுலேட்டரில் ஓடியதை வைத்து நிஜப் பலகையில் ஓடும் என்று இனிமேல் நான் நம்பப் போவதில்லை.

தீர்வு சின்னது, வேலை பெரியது. ஓபன்வர்ட்டின் மெனுகான்ஃபிக் என்ற அமைப்புத் திரையில் கெர்னல் பில்ட் ஆப்ஷன்ஸ் என்ற பகுதிக்குள் மிப்ஸ் எஃப்பியூ எமுலேட்டர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை டிக் செய்தால் போதும். ஆனால் அதற்காக முழு ஃபெர்ம்வேரையும் சொந்தமாகத் தொகுக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. கெர்னல் அமைப்பை மாற்றியதும் அதன் அடையாளக் குறியான ஹேஷ் மாறிவிடும், அதிகாரபூர்வக் கிடங்கில் இருக்கிற கெர்னல் மாட்யூல் எதையும் அதற்குப் பிறகு ஓபன்வர்ட்டின் நிறுவும் கருவியான ஓப்கேஜி நிறுவாது. முதல் தடவை இதை மறந்து ஃபிளாஷ் செய்துவிட்டேன், யூஎஸ்பி ஸ்டோரேஜ் மாட்யூலே உள்ளே இல்லை, ஸ்டிக்கை மவுண்ட் செய்யக்கூட வழியில்லை. இரண்டாவது தடவை யூஎஸ்பி ஸ்டோரேஜ், ஈஎக்ஸ்டி4, யூஎஸ்பி பிரிண்டர், வயர்கார்டு (விபிஎன்), இசட்ரேம் (ரேமைச் சுருக்கிப் பயன்படுத்துவது) என்று தேவைப்படும் எல்லாவற்றையும் ஃபெர்ம்வேருக்குள்ளேயே சேர்த்துக் கட்டினேன். என் லேப்டாப்பில் ஒரு பில்டுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது.

இந்தத் தடவை சிஎச்ரூட் கொடுத்ததும் டெபியனின் பிராம்ப்ட் வந்து நின்றது. ஒரு ரவுட்டருக்குள் டெபியனின் நிறுவும் கருவியான ஏப்ட் ஓடுவதைப் பார்க்கிற சந்தோஷம் தனி. எது எவ்வளவு சிபியூ தின்கிறது என்று காட்டும் எச்டாப் போட்டேன், டிமக்ஸ் போட்டேன், மிட்நைட் கமாண்டர்கூடப் போட்டேன். அப்படியே ஆசை பெரிதாகி, டெஸ்க்டாப் சர்வர்களில் பழகிய காக்பிட் நிர்வாகப் பக்கத்தையும் இதில் கொண்டுவரலாமா என்று பார்த்தேன். வராது. காக்பிட்டுக்கு சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி வேண்டும், இங்கே அந்த வேலையைச் செய்யும் முதல் பிராசஸ் ஓபன்வர்ட்டின் பிராக்டி. சிஸ்டம்டிக்கு சிஸ்டம்சிடிஎல் வழியாக எந்தக் கட்டளை கொடுத்தாலும், சிஎச்ரூட்டுக்குள் ஓடுகிறேன், உங்கள் வேண்டுகோளைப் புறக்கணிக்கிறேன் என்று ஒரே பதில். சிஸ்டம்டியை எப்படியாவது ஏமாற்றி ஓடவைக்க ஒரு முழு சாயங்காலத்தைச் செலவழித்தேன். அது தேவையே இல்லாத வேலை. சர்வீஸைக் கிளப்புவது, விழுந்தால் எழுப்புவது, பிளக் செய்ததைக் கண்டுகொள்வது எல்லாவற்றுக்கும் இந்தச் சின்ன அமைப்புக்கே சொந்தக் கருவிகள் இருக்கின்றன. அவையும் சில நூறு கேபியில் வேலையை முடிக்கின்றன. அங்கிருந்து திட்டத்தை மாற்றினேன். மேற்பார்வை முழுக்க ஓபன்வர்ட் கையில், டெபியன் உள்ளே கூலிக்கு வேலை செய்யும், அவ்வளவுதான்.

அதன்படி பிராக்டிக்கு ஒரு இனிட் ஸ்கிரிப்ட் எழுதினேன். முதலில் ஸ்டிக் மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்கும், ப்ராக், டெவ், சிஸ் மூன்றையும் உள்ளே பைண்ட் செய்யும், பிறகு சிஎச்ரூட் வழியாக கப்ஸை முன்னணியில் ஓடும்படி கிளப்பும். பின்னணிக்குப் போய்விடுகிற நிரலை பிராக்டியால் கண்காணிக்க முடியாது, அதனால் முன்னணியில் ஓடச் சொல்லும் எஃப் கொடியை விட்டுவிடக் கூடாது. ரீஸ்பான் என்று ஒரு வரி சேர்த்தால் கப்ஸ் விழுந்தாலும் ஐந்து விநாடியில் எழுந்துவிடும்.

அடுத்தது பிரிண்டர். 1020-இன் ஃபெர்ம்வேர் அதற்குள்ளேயே நிரந்தரமாகத் தங்காது, ஒவ்வொரு முறை ஸ்விட்ச் போடும்போதும் கணினிதான் அனுப்ப வேண்டும். டெஸ்க்டாப்பில், செருகிய சாதனத்தைக் கண்டுகொள்ளும் யூடெவ் அதைச் செய்யும். சிஎச்ரூட்டுக்குள் யூடெவ் இல்லை, ஆனால் ஓபன்வர்ட்டில் ஹாட்பிளக் கோப்புறை இருக்கிறது, யூஎஸ்பியில் எதைச் செருகினாலும் அதில் உள்ள ஸ்கிரிப்ட் ஓடும். 3எஃப்0/2பி17 என்ற அடையாளம் வந்தால் ஃபெர்ம்வேர் கோப்பை, பிரிண்டரைக் குறிக்கும் எல்பி0 டிவைஸுக்குள் கேட் கட்டளையால் கொட்டு என்று சில வரிகள். டிவைஸுக்கு ஒரு தடவை, அதன் இன்டர்ஃபேஸுக்கு ஒரு தடவை என்று நிகழ்வு இரண்டு முறை வரும் என்பதைக் கவனிக்காததால் ஸ்கிரிப்ட் இரண்டாகக் கிளம்பி, ஒன்றை ஒன்று மறித்து, டிவைஸ் பிஸி என்று பிழை கொடுத்தது. இன்டர்ஃபேஸ் நிகழ்வுக்கு மட்டும் ஓடும்படி மாற்றி, எல்பி0 தோன்றும்வரை சில விநாடி காத்திருக்கச் சொன்னதும் சரியாகிவிட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு ஒன்று இருக்கிறது. கப்ஸின் யூஎஸ்பி பேக்எண்ட் நேராகப் பிரிண்டரைப் பிடிக்கப் போனால் கெர்னல் டிரைவரைக் கழற்றிவிடும், அப்புறம் எல்பி0-வும் போய்விடும், ஃபெர்ம்வேர் ஸ்கிரிப்ட்டும் தடுமாறும். ஆகவே பிரிண்டரை கப்ஸுக்குக் காட்டவே இல்லை. ஓபன்வர்ட்டின் பி910என்டி எல்பி0-வை வைத்துக்கொள்ளட்டும், உள்ளே இருக்கிற கப்ஸ் அதே ரவுட்டரின் 9100-ஆம் போர்ட்டுக்கு நெட்வொர்க் பிரிண்டர்போல அனுப்பட்டும் என்று வைத்தேன். கூடுதல் லாபமாக, மாமாவின் லேப்டாப் அதன் சொந்த டிரைவரோடு நேரே அந்தப் போர்ட்டுக்கே அனுப்பிவிடும், ரவுட்டருக்குக் கணக்குப் போடுகிற வேலையே இல்லை.

போனுக்கு பிரிண்டர் தெரிய, நான் இங்கே இருக்கிறேன் என்று வீட்டு நெட்வொர்க்கில் சொல்லும் எம்டிஎன்எஸ் அறிவிப்பு வேண்டும். ஓபன்வர்ட் பக்கமே அதைச் செய்யும் அவாஹியில் டிபஸ் தேவைப்படாத வகையை நிறுவி, ஐபிபி என்ற அச்சுச் சேவை இன்ன இடத்தில் இருக்கிறது, பிடிஎஃப் வாங்கும் என்று ஒரு சின்ன எக்ஸ்எம்எல் கோப்பு எழுதி வைத்தேன். கப்ஸ் பக்கம் ஷேரிங்கைத் திறந்து, வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். ஆண்ட்ராய்டு போனில் பிரிண்டர் பெயர் வந்து நின்றது.

அக்கா மாடியிலிருந்து ஒரு கேள்வித்தாளை அனுப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. “ஏன்டா, இந்தக் குட்டி டப்பாவா பிரிண்ட் எடுக்கும்?” என்று கேட்டாள். கொஞ்சம் பொறுங்கள் அக்கா என்றேன். ஒரு நிமிடம் பத்து விநாடி கழித்து முதல் பக்கம் வந்தது. எழுத்து அழகாக விழுந்திருந்தது. தமிழ் எழுத்துரு பற்றி எனக்கு ஒரு பயம் இருந்தது, ஆனால் கொம்பும் காலும் சேர்ந்த எழுத்து வடிவங்களைப் போனே அமைத்து எழுத்துருவையும் பிடிஎஃப்புக்குள் வைத்து அனுப்பிவிடுவதால் ரவுட்டரில் ஒரு தமிழ் எழுத்துருகூடத் தேவைப்படவில்லை. ஆனால் நான்கு பக்கக் கேள்வித்தாளுக்கு ஐந்து நிமிடம் என்றால் அக்காவுக்கு அது உதவாது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்த பிறகுதான் அவள் பிரிண்ட் கொடுப்பாள்.

எங்கே நேரம் போகிறது என்று பார்த்தால், கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஓடும்போது எச்டாப்பில் பாதிக்கு மேல் கெர்னல் நேரம். காரணம் அதே எஃப்பியூதான். கோஸ்ட்ஸ்கிரிப்ட் ஒவ்வொரு வளைவுக்கும் தசமக் கணக்குப் போடுகிறது, ஒவ்வொரு தசமக் கட்டளைக்கும் நிரல் நின்று, கெர்னலுக்குள் போய், அங்கே கட்டளையைப் பிரித்துப் பார்த்துக் கணக்குப் போட்டு, திரும்பி வருகிறது. கணக்கைவிடப் போய்வருகிற செலவுதான் அதிகம். அதே கணக்கை நிரலுக்குள்ளேயே சாஃப்ட் ஃப்ளோட்டாகச் செய்தால் அந்தப் போய்வருதல் இருக்காது.

அதனால் கோஸ்ட்ஸ்கிரிப்ட்டை மட்டும் நானே தொகுக்க முடிவு செய்தேன். ஓபன்வர்ட்டின் தொகுப்புக் கருவிகளான எஸ்டிகே, அதன் அடிப்படை நூலகமான மஸ்ல், சாஃப்ட் ஃப்ளோட், முழுக்க ஸ்டாட்டிக். ஸ்டாட்டிக்காகக் கட்டிய பைனரிக்கு வெளியே எந்த நூலகமும் வேண்டாம், கெர்னல் மட்டும் போதும், ஆகவே மஸ்லில் கட்டியதை ஜிலிப்சி என்ற வேறு நூலகம் உள்ள டெபியனுக்குள் வைத்தாலும் ஓடும். தொகுப்பதில்தான் பாடு. கோஸ்ட்ஸ்கிரிப்ட் தொகுக்கும்போது நடுவில் சில உதவி நிரல்களைக் கட்டி அவற்றை அங்கேயே ஓட்டும். அவற்றையும் மிப்ஸுக்குக் கட்டிவிட்டால் லேப்டாப்பில் ஓடாமல் நின்றுவிடும். சிசிஆக்ஸ் என்ற மாறியில் லேப்டாப்பின் சொந்தத் தொகுப்பியான ஜிசிசியைக் குறிப்பிட வேண்டும், அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க இரண்டு இரவு. அவுட்புட் டிவைஸ்களில் எனக்குத் தேவையான ஓரிரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் நீக்கினேன். டெபியனின் கோஸ்ட்ஸ்கிரிப்ட் இருந்த இடத்தில் இதை வைத்ததும் அதே கேள்வித்தாளின் முதல் பக்கம் 24 விநாடியில் வந்தது. நான்கு பக்கமும் ஒன்றரை நிமிடத்துக்குள். எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை, அப்படி ஒரு மகிழ்ச்சி.

ரேம் இன்னொரு தலைவலி. ஒரு நாள் அக்கா ஸ்கேன் செய்த புத்தகப் பக்கங்களை ஒரே பிடிஎஃப்பாக அனுப்ப, ரவுட்டரில் ரேம் தீர்ந்து, கெர்னல் கண்ணில் பட்டதைக் கொன்று, அதில் வைஃபையை நடத்துகிற ஹோஸ்ட்ஏபிடியும் போய்விட்டது. வீடு முழுக்க வைஃபை இல்லை. பிரிண்ட் நின்றால் பரவாயில்லை, ரவுட்டர் ரவுட்டராக இருப்பது நிற்கக் கூடாது. இசட்ரேம் ஸ்வாப்பைப் போட்டேன். அதோடு கப்ஸின் ஊம்-ஸ்கோர் எண்ணை 1000 ஆக உயர்த்தினேன், ரேம் தீர்ந்தால் முதலில் சாக வேண்டியது இதுதான் என்று கெர்னலுக்குச் சொல்வது அது, அதன் பிள்ளை பிராசஸ்களுக்கும் அந்த எண் தானாக வந்துவிடும். முன்னுரிமையைக் குறைக்கும் நைஸ் மதிப்பையும் 10 ஆக்கினேன், அதனால் பிரிண்ட் ஓடும்போது வீடியோ கால் தடுமாறுவதில்லை.

வைஃபை பற்றி இன்னொன்று. ஸ்டிக்கை முதலில் நேராகச் செருகியிருந்தபோது மாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அடிக்கடி அறுந்தது. யூஎஸ்பி 3.0 ஓடும்போது அந்த அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும், இன்டெலே 2012-ல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறது. பிரிண்டருக்கும் ஸ்டிக்குக்கும் சேர்த்து ஒரு ஹப் எப்படியும் வேண்டியிருந்தது. யூஎஸ்பி 2.0 ஹப்பாக வாங்கிப் போட்டேன், வேகம் குறைந்தது, இரைச்சலும் ஒழிந்தது.

நான் இருப்பது சென்னையில். தொலைவிலிருந்து பார்த்துக்கொள்ள, வாடகை சர்வரான என் சின்ன விபிஎஸ்ஸுக்கு ரவுட்டரிலிருந்து ஒரு வயர்கார்டு இணைப்பு. மற்ற கணினிகளை நிர்வகிக்கிற ஆன்சிபிளையே இதற்கும் பயன்படுத்த நினைத்தேன். ரவுட்டரில் பைத்தான் இல்லை, அதனால் வழக்கமான மாட்யூல்கள் ஓடாது, கட்டளையை அப்படியே அனுப்பும் ரா மாட்யூல் மட்டும் ஓடும். அதற்காக முழுப் பைத்தானை ஏற்ற மனம் வரவில்லை, ராவிலேயே ஓபன்வர்ட்டின் அமைப்பை மாற்றும் யூசிஐ கட்டளைகளை அனுப்புகிறேன். கோப்பு அனுப்பும் எஸ்சிபியும் முதலில் முரண்டு பிடித்தது. ஓபன்எஸ்எஸ்எச் 9.0-லிருந்து எஸ்சிபி உள்ளுக்குள் எஸ்எஃப்டிபியைப் பயன்படுத்துகிறது, ரவுட்டரின் எஸ்எஸ்எச் சர்வரான டிராப்பேரில் அது இல்லை. பெரிய ஓ கொடியைக் கொடுத்தால் பழைய முறையில் போகும், அல்லது எஸ்எஃப்டிபி சர்வர் பேக்கேஜைத் தனியாக நிறுவலாம். நான் நிறுவிவிட்டேன். ரேம் வரைபடத்துக்கு கலெக்ட்டி, அதைப் பார்க்க ஓபன்வர்ட்டின் நிர்வாகப் பக்கமான லூசி. வரைபடத் தரவு ரேமிலேயே இருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன், ரீபூட்டில் அழியும், ஃபிளாஷ் தேயாது.

எல்லாம் ஓடுகிறது என்று சென்னை திரும்பிய மூன்றாம் நாள் அங்கே இன்வெர்ட்டரும் இறங்கிப் போகிற அளவுக்கு ஒரு நீண்ட மின்வெட்டு. கரண்ட் வந்த பிறகு வீட்டில் பிரிண்ட் வரவில்லை, இணையமும் இல்லை, என் பக்கம் வயர்கார்டும் எழவில்லை. போனில் அக்காவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் தேடினேன். ரவுட்டரில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது, பூட் ஆகும்போது ஈடிசி கோப்புறையில் கடைசியாக மாறிய கோப்பின் நேரத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். அதாவது கடிகாரம் மூன்று நாள் பின்னால். வயர்கார்டு, முன்பு பார்த்ததைவிடப் பழைய நேரமுத்திரையோடு வரும் கைகுலுக்கலை ஏற்காது. நேரத்தைச் சரிசெய்ய என்டிபி வேண்டும், என்டிபி சர்வரின் பெயரைத் தேட டிஎன்எஸ் வேண்டும், டிஎன்எஸ்ஸை நான் வயர்கார்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சர்வரில் வைத்திருந்தேன். ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு நின்றன. டிஎன்எஸ்ஸை இணைய இணைப்பு தருகிற சர்வர்களுக்கே திருப்பி, விபிஎஸ்ஸின் முகவரியைப் பெயராக இல்லாமல் எண்ணாகக் கொடுத்ததும் தீர்ந்தது. அக்காதான் லூசி பக்கத்தைத் திறந்து நான் சொல்லச் சொல்ல அத்தனையும் மாற்றினாள்.

இப்போது ரவுட்டர், ஹப், ஸ்டிக் மூன்றும் சேர்ந்து 7 வாட். கப்ஸின் 631-ஆம் போர்ட் வீட்டுக்கு வெளியே திறக்கவில்லை, திறக்கவும் கூடாது, ஏனென்றால் டெபியன் 12-க்குப் பிறகு இந்தச் சிப்புக்குப் புது வெளியீடு இல்லை. அடுத்ததாக கப்ஸையும் அதன் ஃபில்டர்களையும் எஸ்டிகேயிலேயே கட்டி டெபியனை முழுக்கக் கழற்ற முயல்கிறேன். கப்ஸ் கட்டி முடிந்தது, ஃபில்டர்கள் பிடிஎஃப் படிக்கும் பாப்ளர் நூலகத்தில் வந்து நிற்கின்றன. பொங்கல் விடுமுறையில் அதில் உட்கார வேண்டும்.